மணல் வரியில் அலை கொடுக்கும் உந்தம்

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அலை கரையைப் பார்த்துத்தானே வருது, மணலையும் கரைக்குத்தானே தள்ளணும்? பிறகு எங்க கரை ஏன் குறையுது?" கடலரிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றில் எனக்கு மிகப் பிடித்த ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அலைக்கடியில் தண்ணீர் வட்டமடிக்கும், தரையை நெருங்க நெருங்க அந்த வட்டம் நசுங்கி வெறும் முன்பின் ஆட்டமாகிவிடும். இது பள்ளிப் பாடம்தான். கடல் தெளிந்த நாளில் அடியில் தெரியும் மணல் வரிகளைப் போடுவது இந்த ஆட்டம். மென்மையான அலையில் தண்ணீர் 15 செ.மீ. போய்வந்தால் வரிக்கு வரி சுமார் 10 செ.மீ. இருக்கும்.

சரி, தரை சமமாக இருந்தால் தண்ணீர் மணலை உரசிக்கொண்டு மட்டும் போகும், அதில் கைமாறும் உந்தம் கொஞ்சம்தான். வரி எழும்பிவிட்டால் கதை மாறுகிறது. வரியின் முன்முகத்தில் தண்ணீர் மோதுவதால் அங்கே அழுத்தம் கூடும்; உச்சியைத் தாண்டியதும் ஓட்டம் தரையைவிட்டுப் பிரிந்து, பின்பக்கப் பள்ளத்தில் சப்பாத்திக் கட்டை மாதிரி படுத்துச் சுழலும், அங்கே அழுத்தம் குறைவு. இந்த வித்தியாசம்தான் வரியைப் பிடித்துத் தள்ளுகிறது, தண்ணீர் அவ்வளவு உந்தத்தைத் தரைக்கு விட்டுக்கொடுக்கிறது. வெறும் உரசலைவிட இது பல மடங்கு வரும்.

1883-இல் ஜார்ஜ் டார்வின், சார்லஸ் டார்வினின் மகன், தண்ணீரில் மைத்துளி விட்டு இந்தச் சுழலைப் பார்த்தார். 1904-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் ஆய்வைத் தானே வாசித்த முதல் பெண் ஹெர்தா அயர்ட்டன். அவர் வாசித்ததும் மணல் வரிகளைப் பற்றித்தான்!

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். ஆழம் குறைந்த இடத்தில் அலையின் முன்னோட்டம், அதாவது கரையை நோக்கிய ஓட்டம், வேகமானது, கொஞ்ச நேரமே நீடிக்கும். கடலை நோக்கிய பின்னோட்டம் மெதுவானது, அதிக நேரம் நீடிக்கும். வேகமான முன்னோட்டம் வரியின் கரைப்பக்கத்தில் பெரிய சுழலை உண்டாக்கி, அதில் நிறைய மணலைச் சுருட்டி வைக்கிறது. ஓட்டம் திரும்புகிற அந்த நொடியில் சுழல் தரையைவிட்டுக் கிளம்பி, மணலோடு உச்சிக்கு மேலே எறியப்படுகிறது, அதற்குள் தண்ணீர் கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்திருக்கும். ஆகவே கரையை நோக்கித் தள்ளிய தள்ளு பலமாக இருந்தும், அது கிளப்பிய மணல் கடலுக்குள் போய்விடலாம். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

பேரலை வந்தால் வரிகள் அழிந்து தரை சமமாகிவிடும், மணல் கனத்த அடுக்காக நகரும். அப்போது கணக்கே வேறு.

நம் குமரி மாவட்டத்தில் கல் கொட்டித் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கட்டுகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டு வாசல்வரை கடல் வந்தவர்களுக்குக் கல்தான் இன்றைக்குத் துணை. ஆனால் அது பிடிப்பது பெரும்பாலும் கரையோரமாக நகரும் மணலை. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, கடலடியில் கேமராவும் நீரின் வேகத்தை அளக்கும் கருவியும் மாசியிலும் ஆடியிலும் இறக்கிவைத்தால், தேங்காப்பட்டணத்தில் எந்த மாதம் மணல் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும், அடுத்த வளைவை எங்கே, எவ்வளவு நீளத்துக்குக் கட்டுவது என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.