அதே 60 பேர்தானா?

வகுப்பில் 100 மாணவர்கள். ஆசிரியர் திரையில் ஒரு கேள்வியைக் காட்டுகிறார். எல்லோரும் கையிலிருக்கும் கிளிக்கரை, அதாவது விடையைத் தேர்ந்து அனுப்பும் சிறு பொத்தான் கருவியை, அழுத்துகிறார்கள். உடனே பட்டை வரைபடம் வருகிறது: 60 பேர் சரி. அடுத்த வகுப்பில் அதே பாடத்தில் இன்னொரு கேள்வி. மறுபடியும் 60. இரண்டு நாளும் சரியாகச் சொன்னவர்கள் 60 பேராகவும் இருக்கலாம், வெறும் 20 பேராகவும் இருக்கலாம். அந்த இரண்டு வரைபடங்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தெரியாது. இரு நாள் பதிவுகளையும் மாணவர்வாரியாக இணைத்தால்தான் தெரியும்.

வழக்கமாக ஒவ்வொரு வகுப்பும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும். அதில் ஒரு வரிசை ஒரு கருவிக்கு, ஒரு பத்தி ஒரு கேள்விக்கு. மாணவரின் பெயர் கருவிக்குத் தெரியாது. அது அனுப்புவது தன் அடையாள எண்ணை மட்டுமே. எல்லாக் கோப்புகளையும் கோக்கும் நூல் அந்த எண்தான்.

ஐகிளிக்கர் என்ற வகைக் கருவியில் இது 8 இலக்கப் பதினாறடிமான எண் (0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் இலக்கங்களாக வரும்). 01234567 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, 01, 23, 45 மூன்றையும் இரும எண்களாக்கி எக்ஸார் செய்தால் (ஒவ்வோர் இடத்திலும் இரண்டும் ஒன்றானால் 0, வேறானால் 1 என்று சேர்த்துக்கொண்டே போனால்) 67 வருகிறது. அதாவது கடைசி இரண்டு இலக்கங்கள் முந்தைய ஆறுக்கும் காவல். மாணவர் தன் கருவி எண்ணைப் பதிவு செய்யும்போது ஓர் இலக்கம் பிழையானாலும் கணக்கு இடித்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் 01, 23 இரண்டும் இடம் மாறினால் இது கண்டுபிடிக்காது. எக்செலில் திறந்தால் முன்னிருக்கும் பூஜ்யம் உதிர்ந்து 1234567 ஆகிவிடும். ஒரே மாணவர் இரண்டு பேராகிவிடுவார். எண்ணை எழுத்தாகவே படிக்கச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு கோப்பிலும் 'கேள்வி 1' இருக்கும் என்பதால் தேதியையும் சேர்த்தே பெயரிட வேண்டும்.

உண்மையான சிக்கல் வெற்றுக் கட்டம். மாணவர் வரவில்லையா, வந்தும் அழுத்தவில்லையா, இன்னும் கருவியைப் பதிவு செய்யவில்லையா? மூன்றையும் பூஜ்யம் என்று நிரப்புவது அநியாயம். அதே நாளில் வேறு கேள்விக்குப் பதில் இருந்தால் அவர் வகுப்பில் இருந்திருக்கிறார். அன்று முழுக்க வெறுமை என்றால் வராமலிருந்திருக்கலாம், கருவியை மறந்தும் வந்திருக்கலாம்.

சராசரியிலும் கவனம் தேவை. ஒரு நாள் 2 கேள்விக்கு 2 சரி, மறுநாள் 8க்கு 4 சரி. நாள்வாரிச் சதவீதங்களின் சராசரி 75. மொத்தமாகக் கணக்கிட்டால் 10க்கு 6, அதாவது 60. என் விருப்பம் இரண்டாவது. இரண்டே கேள்வி கேட்ட நாளுக்கு எட்டுக் கேள்வி நாளின் எடை எதற்கு?

ஹார்வர்டு இயற்பியலாளர் எரிக் மஸூர் 1990களில் பரப்பிய முறையில் ஒரே கேள்விக்கு இருமுறை பதில் பெறுவார்கள்: தனியாக யோசித்து ஒருமுறை, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்தபின் ஒருமுறை. இந்த இரு பத்திகளையும் தனித்தனிக் கேள்விகளாக எண்ணிவிடாமல் ஜோடியாக வைத்தால், தவறிலிருந்து சரிக்கு வந்தவர்கள் தெரிவார்கள். சரியிலிருந்து தவறுக்குப் போனவர்களும் தெரிவார்கள். ஒரு வகுப்பில் இவர்கள் ஓரிருவராக இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பத்து வகுப்புகளை இணைத்த அட்டவணையில் அதே கருவி எண் திரும்பத் திரும்ப வந்தால், முதல்முறை குருட்டாம்போக்கில் அழுத்துகிறாரா, இல்லை, தெரிந்தும் அடுத்தவர் சொல்லுக்கு இணங்கிவிடுகிறாரா என்று அந்த மாணவரிடம் ஆசிரியர் உட்கார்ந்து பேசலாம்.