கோபத்தை விழுங்குவது நிதானம் ஆகாது

உணர்வுசார் நுண்ணறிவு (எமோஷனல் இன்டெலிஜென்ஸ்) என்பது நம் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்துகொண்டு கையாளும் திறன். ஆனால் அது கோபமே வராமல் இருப்பது, வந்தாலும் காட்டிக்கொள்ளாமல் இருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மனநல ஆலோசகராக நான் பார்க்கும் குடும்பப் பிரச்சினைகளில் பல, இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன.

வங்கி ஒன்றில் கடன் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) “ஆபீஸில் யாரிடமும் குரலை உயர்த்தியதே இல்லை மேடம்” என்றார். உண்மைதான். ஆனால், “இவர் வண்டிச் சத்தம் கேட்டாலே பிள்ளை டிவியை அணைச்சிட்டு ரூமுக்குள்ள போயிடறா” என்றார் மனைவி. பகலில் டார்கெட் மீட்டிங்கில் வாங்கிய திட்டு, இரவில் மகளின் கணக்கு நோட்டின் மேல் இறங்கியிருக்கிறது.

மறைத்துவிட்டோம் என்று நாம் நினைப்பது பக்கத்தில் இருப்பவரையும் தொடும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மனதை உலுக்கும் படம் ஒன்றைப் பார்த்த பெண்களை இருவர் இருவராகப் பேசவிட்டார்கள். ஒருவர் தன் உணர்வை வெளிக்காட்டாமல் அடக்கியபோது, அது தெரியாமல் எதிரே பேசிக்கொண்டிருந்தவருக்கும் ரத்த அழுத்தம் கூடியது. “அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா பயமா இருக்கு” என்று பிள்ளைகள் சொன்னால் அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

கோபம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று அந்த வங்கி ஊழியரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, தாடை இறுகும், காது சூடாகும் என்றார். சரி, அந்த நேரத்தில் மனதில் ஓடுவதை ஒரு வரி எழுதிவையுங்கள் என்றேன். அடுத்த முறை கொண்டுவந்த தாளில், “ஜூனியர் முன்னால் திட்டினார்”, “டிரான்ஸ்ஃபர் போட்டுவிடுவார்களோ” என்றெல்லாம் இருந்தது. அடியில் இருந்தது அவமானமும் பயமும். அது புரிந்தபிறகு, செய்யவேண்டியதும் தெளிவாகிவிட்டது. மேலாளரைத் தனியாகப் பார்த்து, “சார், எல்லார் முன்னாடியும் சொன்னது கஷ்டமா இருந்துச்சு. வசூல் நிலவரத்தை உங்ககிட்ட தனியா சொல்லட்டுமா?” என்று கேட்டார். மேலாளர் ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. ஆனால் இவர் பேசவேண்டிய இடத்தில் பேசிவிட்டார். அப்புறம் மகளிடமும், “அப்பாவுக்கு இன்னைக்கு ஆபீஸ்ல கஷ்டம், உன் மேல கோபம் இல்ல. பத்து நிமிஷம் கழிச்சு கணக்கு பார்க்கலாம்” என்று சொல்லப் பழகினார். என்னைக் கேட்டால், மேலாளரிடம் பேசியதைவிட இதுதான் பெரிய விஷயம்.

நிறுவனங்கள் உணர்வுசார் நுண்ணறிவுப் பயிற்சியை, ஊழியர்களைப் பொறுத்துப்போகச் சொல்லும் வகுப்பாக நடத்துவது எனக்கு உடன்பாடில்லை. எல்லோர் முன்னாலும் திட்டுபவருக்குத்தான் முதலில் அது தேவை.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வேலையை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் பயிற்சியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே போக முடியவில்லையென்றால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.