மேட்டுநீர் முக்குளிப்பு

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் 'முக்குளிப்பு' என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். அதை நல்ல செய்தியில் கேட்டவர்கள்தான் குறைவு. ஆற்றிலோ ஈயக்குட்டையிலோ யாராவது மூழ்கிவிட்டால், தீயணைப்பு மீட்புத் துறையின் முக்குளிப்பு வீரர்கள் தேடுகிறார்கள் என்று நாளிதழ் எழுதும். அதனால்தான் அண்ணன் மகன், "சித்தப்பா, மலை ஏரியில் முக்குளிக்கப் பயிற்சிக்குப் போகிறேன்" என்றதும், அடுப்படியிலிருந்து என் அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார்.

தோட்டத்து லயத்தில் பிறந்து, தியோமான் தீவில் ஸ்கூபா கற்றவன். இப்போது குளிர்நாட்டு ஏரியில் மேல்நிலைப் பயிற்சி. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டான்.

'ஸ்கூபா' என்பது பிறவிச் சொல் அன்று. நீருக்கடியில் மூச்சு விட உதவும் தற்சார்புக் கருவி என்று பொருள்படும் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கோவை. 1952-இல் அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டியன் லாம்பர்ட்சன் வழங்கிய பெயர். மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்காமல், முதுகில் தானே சுமந்து செல்வதுதான் இதன் உயிர்நாடி. பிரான்சில் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் கான்யானும் 1943-இலேயே அத்தகைய கருவியைச் செய்துவிட்டார்கள். பெயர்தான் பின்னால் வந்தது.

தமிழில் இதை 'ஆழ்கடல் நீச்சல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. பத்து மீட்டர் இறங்குவது ஆழ்கடலும் ஆகாது, அடியில் மிதந்து நிற்பது நீச்சலும் ஆகாது. மலை ஏரி என்று வந்துவிட்டால் கடலே இல்லை.

முக்குளித்தல் என்றால் நீரில் மூழ்குதல். முக்கனிபோல மூன்று குளியல் என்று ஒரு மாணவன் எனக்கு எழுதித் தந்திருக்கிறான். அது வேறு கணக்கு. துணியைச் சாயத்தில் முக்கி எடுக்கிறோமே, அந்த 'முக்கு' இதில் கேட்கிறது. 'குளி'யும் வெறும் நீராட்டு அன்று. முத்துக்குளித்தலில் அதன் பொருள் மூழ்குவதுதான். நீர்நிலைகளில் தலை காட்டிவிட்டுச் சட்டென்று மறையும் சிறு பறவைக்கு முக்குளிப்பான் என்றே பெயர்.

அடுத்தது உயரம். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறியவர்கள் முறுக்குப் பாக்கெட்டைக் கவனித்திருப்பார்கள். கீழே தொளதொளவென்று இருந்தது, தானா ராத்தாவுக்குள் தலையணைபோல் உப்பிவிடும். உள்ளே காற்று கூடவில்லை. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் வெளியழுத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். முக்குளிப்பவரின் உடலிலும் இதே கதை நடக்கும். ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது மெல்ல வெளியேற வேண்டும். மேலே காத்திருக்கும் அழுத்தம் குறைவாக இருந்தால், திறந்த சோடாப் புட்டிபோல் குமிழியிடும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிக்கும். கூஸ்தோ 1968-இல் ஆய்வு செய்த தென் அமெரிக்காவின் டிட்டிகாக்கா ஏரி சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஆறரை மீட்டரிலேயே இரட்டித்துவிடும். ஆகவே எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் கடலுக்கான அட்டவணை அங்கே உதவாது. சூரிச் மருத்துவர் ஆல்பர்ட் பூல்மான் மலை ஏரிகளுக்கெனத் தனிக் கணக்கு வகுத்தார். பயிற்சியில் 300 மீட்டருக்கு மேலே போனாலே உயரத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்வார்கள்.

'உயர முக்குளிப்பு' என்றால் பாலத்திலிருந்து குதிப்பதுபோல் இருக்கிறது. 'மலையேரி முக்குளிப்பு' அழகுதான். ஆனால் வானொலியில் படித்தால் 'மலையேறி' என்று கேட்கும், எங்கள் பிள்ளைகளின் ரகர றகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேட்டுநிலம் இருக்கிறது, மேட்டுநீர் ஏன் இருக்கக்கூடாது? 'மேட்டுநீர் முக்குளிப்பு' என்று எழுதிக் கொடுத்தேன்.

"குளிருக்கு?" என்றான். தண்ணீர் என்பதே தண்மையான நீர்தான். நாம்தான் அதை மறந்து 'சுடுதண்ணீர்' வரை வந்துவிட்டோம். இனி 'குளிர்நீர்' என்றுதான் சொல்லியாக வேண்டும். அங்கே புட்டியின் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் மூச்சுச் சீராக்கிக்குள் காற்று விரியும்போது மேலும் குளிர்ந்து, ஈரம் பனிக்கட்டியாகி, அடைப்பிதழ் மூட முடியாமல் நின்றுவிடுவதுண்டு. புட்டியில் உள்ள காற்றெல்லாம் கொட்டத் தொடங்கும். அப்போது பதறாமல் கூட்டாளியின் காற்றை வாங்கிக்கொண்டு ஏறப் பழக்குவது பயிற்சியில் முக்கியம்.

உடைக்குச் சொல் தேடச் சிரமமில்லை: 'உலர் உடை'. சாதாரண முக்குளிப்பு உடைக்குள் நீர் புகும், இதற்குள் புகாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பிடிக்கும் மெல்லிய பட்டைதான் காரணம். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பல உடைகளில் அந்தப் பட்டை இன்றும் இயற்கை ரப்பர்தான் என்றான்.

முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய அம்மா கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "நம் பாலா?" என்று கேட்டார். கரண்டியை அப்போதுதான் கீழே வைத்தார்.