தூரைத் தோண்டாமல் தஞ்சாவூர் வாடல் தீராது

தென்னை மரம் வாடினால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தோப்புகளில் பயிர் நோய் பார்க்கிற எனக்கு வருகிற அழைப்புகளும் கொண்டையிலிருந்துதான் தொடங்கும். "அடி மட்டையெல்லாம் மரத்தோட ஒட்டித் தொங்குது சார், குரும்பை நிக்க மாட்டேங்குது. தண்ணி பத்தலையோன்னு விட்டுப் பார்த்தேன், தேறல." போய்க் குனிந்து பார்த்தால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பட்டை வெடித்து, செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்து காய்ந்திருக்கும். அந்தச் சாறு வெளியே தெரிவதற்கு வெகு நாள் முன்பே கீழே வேர்கள் அழுக ஆரம்பித்திருக்கும்.

புத்தகங்களில் இதற்கு அடித்தண்டழுகல் என்று பெயர். ஊரில் தஞ்சாவூர் வாடல். 1952-ல் அடித்த புயலுக்குப் பிறகு அன்றைய தஞ்சை மாவட்டத்துத் தோப்புகளில் இது பரவலாகத் தெரிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காரணம் கனோடெர்மா லூசிடம் என்ற பூஞ்சை. மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறுகிறது. மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருளையே சிதைத்துத் தின்னக்கூடியது என்பதால், உயிருள்ள மரம் செத்த பிறகும் அதற்குப் பட்டினி கிடையாது. செத்த மரத்தின் தூர், அதாவது மண்ணில் நிற்கிற அடிக்கட்டை, இந்தப் பூஞ்சைக்கு நெல் நிரம்பிய குதிர் மாதிரி. வருடக்கணக்கில் அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, பக்கத்து மரத்தின் வேர் வந்து தொடும்போது அதில் ஏறிக்கொள்ளும்.

இதைத்தான் நான் போகிற தோப்பில் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரம் செத்தால் வியாபாரி வந்து தரை மட்டத்துக்கு மேலே அறுத்துக்கொண்டு போகிறார். மரத்துக்குக் காசு கிடைத்துவிட்டது, தோப்பும் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நோய் இருந்த பகுதி முழுக்க மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த கோடையில் பக்கத்து மரம், அதற்கடுத்து அதன் பக்கத்து மரம். மேலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் வட்டமாகப் பொட்டல் விரிந்துகொண்டே போகும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அந்த நேரத்தில் வழியை மறித்துக் கிடந்த மரங்களை அப்புறப்படுத்துவதே பெரும்பாடு. தூரைப் பற்றி யோசிக்க யாருக்கும் தெம்பு இல்லை, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி விடப்பட்ட தூர்கள் பல தோப்புகளில் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கு நடுவிலேயே புதுக் கன்றுகளும் நடப்பட்டிருக்கின்றன. மலேசியாவில் பழைய தென்னந்தோப்புகளை அழித்து எண்ணெய்ப்பனை வைத்தபோது, தென்னைத் தூர்களை மண்ணில் விட்டு வைத்த இடங்களில் கனோடெர்மா மிக இளம் வயதிலேயே தாக்கியது. நம் டெல்டாவில் அதுவே நடக்க இடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

சரி, வந்திருப்பது இந்த நோய்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? 10 வயதுக்கு மேல் 30 வயது வரையிலான, நன்றாகக் காய்க்கிற மரங்களில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். அடி மட்டைகள் மஞ்சளாகி, பழுப்பாகி, உதிராமல் மரத்தைச் சுற்றித் தொங்கும். புதிதாக வரும் மட்டைகள் சிறுத்துப் போகும், குருத்து விரிய அடம்பிடிக்கும். சாறு வடிதல் அடியில் தொடங்கி மேலே ஏறும். 10, 15 அடி வரைகூடப் போகும். அடியில் கொஞ்சம் மண்ணைப் பறித்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். நோய் கண்ட வேர் நிறம் மாறி, இழுத்தால் மேல்தோல் கழன்று வரும். மழைக்காலத்தில் அடிமரத்தில் தட்டுத் தட்டாக, மேலே பளபளப்பான செம்பழுப்புக் காளான் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் காளான் வரவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல மரங்களில் மரம் செத்த பிறகுதான் அது தலை காட்டும், சிலவற்றில் வருவதே இல்லை.

சாறு வடிகிற எல்லா மரமும் இந்த நோய் கண்டதல்ல. தண்டின் நடுவில் எங்கோ ஒரு வெடிப்பில் மட்டும் வடிந்து, வேரும் அடியும் நன்றாக இருந்தால் அது சாறு வடிதல் நோயாக இருக்கலாம். அது வேறு பூஞ்சை, வேறு வைத்தியம். ஓட்டை தெரிந்து, அதில் மென்று துப்பிய நார் வெளியே தள்ளியிருந்தால் சிவப்புக் கூன்வண்டு. காதை மரத்தில் வைத்தால் புழு கடிக்கும் சத்தமே கேட்கும். இந்த வேறுபாடு பார்க்காமல் வண்டு மருந்தை இதற்கும் இதன் மருந்தை வண்டுக்கும் கொடுத்து ஒரு வருடத்தை வீணாக்கியவர்கள் நிறைய.

சாறு பாதி மரத்துக்கு ஏறி, கொண்டையே சிறுத்துவிட்ட மரத்தைக் காப்பாற்ற முடியாது. இதை நேராகச் சொல்லும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அப்பா வைத்த மரம், தாத்தா வைத்த மரம் என்பார்கள். ஆனால் அந்த மரத்துக்குச் செலவழிக்கிற பணத்தைச் சுற்றியுள்ள எட்டு மரங்களுக்குச் செலவழித்தால் தோப்பு நிற்கும். நோய் கண்ட மரங்களில் சில ஆறே மாதத்தில் போய்விடும், சில மூன்று நான்கு வருடம் இழுக்கும். அந்த இழுபறிக் காலம் முழுக்க அது பக்கத்து மரங்களுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நோய் ஆரம்ப நிலையில் உள்ள மரத்தைச் சுற்றி, அடியிலிருந்து 4 அடி தள்ளி, 2 அடி ஆழம் 1 அடி அகலத்துக்குக் குழி எடுத்துத் தனிமைப்படுத்த வேண்டும். அந்த மரத்துக்கும் அண்டை மரங்களுக்கும் ஒரு சதவீத போர்டோ கலவை 40 லிட்டர், அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டர் தூரம் வரை வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை. 40 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 400 கிராம், சுட்ட சுண்ணாம்பு 400 கிராம். பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கலந்த அன்றே ஊற்றிவிட வேண்டும்.

அதோடு வேர் வழியாகவும் மருந்து கட்டலாம். பென்சில் கனத்தில் உயிருள்ள ஒரு வேரைத் தேடி, நுனியைச் சாய்வாக வெட்டி, ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி 2 மி.லி.யை 100 மி.லி. தண்ணீரில் கலந்த பையில் வேர் மூழ்கும்படி கட்டிவிட வேண்டும். கட்டுவதற்கு முன் முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். அப்புறம் 45 நாளைக்கு அந்த மரத்திலிருந்து இளநீரோ காயோ வேண்டாம். பழைய துண்டுப் பிரசுரங்களில் டிரைடிமார்ப் என்று எழுதியிருக்கும். அந்த மருந்துக்கு இந்திய அரசு 2018-லேயே தடை விதித்துவிட்டது. இன்னும் யாராவது அதைப் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். அதேபோல மரத்தில் துளை போட்டு மருந்து ஊற்றுவதையும் நிறுத்துங்கள். மாமரம், வேப்பமரம் மாதிரி தென்னைக்குக் காயம் ஆறி மூடுகிற தன்மை கிடையாது. போட்ட ஓட்டை கடைசிவரை ஓட்டைதான்.

மருந்தைவிட மண்ணைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கடலோரத்து மணற்பாங்கான மண், அதிலும் கோடையில் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கிற தோப்பு, இந்த நோய்க்கு மிகவும் பிடித்த இடம். மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, 50 கிலோ நன்கு மக்கிய தொழுவுரம், அதில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை 200 கிராம், சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா 200 கிராம் கலந்து வையுங்கள். போர்டோ கலவை ஊற்றிய கையோடு இவற்றை வைத்தால் செம்பு அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். சில வாரம் இடைவெளி விடுங்கள். வட்டப்பாத்தியில் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்துப் பூக்கும்போது அங்கேயே மடக்கிப் போடலாம். தண்ணீர் வசதி இருந்தால் ஊடுபயிராக வாழை நல்லது, மண்ணின் ஈரம் வறண்டு போகாமல் காக்கும். தோப்பு முழுக்க வாய்க்கால் தண்ணீரை மரத்துக்கு மரம் ஓடவிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். நோய் கண்ட மரத்தின் பாத்தியைக் கழுவிய தண்ணீர்தான் அடுத்த மரத்துக்குப் போகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் தனிப் பாத்தி, தனித் தண்ணீர். நோய் உள்ள பகுதியில் ஏரோ டிராக்டரோ ஓட்டி வேரைக் காயப்படுத்தவும் வேண்டாம்.

செத்த மரத்துக்கு வருவோம். வியாபாரியிடம் விலை பேசும்போதே தூரோடு சேர்த்துப் பேசுங்கள், அல்லது பொக்லைன் வாடகையைக் கழித்துப் பேசுங்கள். ஒரு தெருக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் வண்டியை வரவழைத்தால் செலவு தாங்கும். தூரையும் வேரையும் முடிந்தவரை தோண்டி எடுத்து அங்கேயே காய வைத்து எரித்துவிட வேண்டும். வரப்பில் போடுவதும் வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போடுவதும் நோயை அடுத்தவர் தோப்புக்குக் கொண்டுபோய் வைப்பதுதான்.

எடுத்த குழியிலேயே உடனே கன்று வைக்காதீர்கள். குழியை வெயிலில் ஆறப்போட்டு, பழைய குழிகளுக்கு நடுப்பட்ட இடத்தில் புதுக் குழி எடுத்து, வேப்பம்புண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் கலந்த தொழுவுரம் போட்டு வையுங்கள். சந்தேகம் இருந்தால் சாறு வடியும் மரத்தின் வேர்த்துண்டும் அடிமண்ணும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கோ போங்கள். கொண்டையின் போட்டோ மட்டும் போதாது, அடிமரத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.