தோண்டும் கருவிக்கு 17 சென்டிமீட்டர் அலகு ஏன் போதும்?

மெட்டல் டிடெக்டர் வாங்குவதற்கு மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, தோண்டும் கருவி என்று வரும்போது தோட்டச் சாமான் கடையில் கைக்கு அகப்பட்ட கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்களில் பழங்காசு தேடப் புதிதாக இறங்குபவர்களிடம் இது சகஜம். அந்தக் கரண்டி முதல் ஈரக் களிமண்ணிலேயே கழுத்தில் மடங்கிவிடும். கருவி சின்னதுதான். ஆனால் அதன் அலகின், அதாவது மண்ணை வெட்டும் தகட்டின், நீளம், வளைவு, எஃகு, நுனி எல்லாவற்றுக்கும் பின்னால் கணக்கு இருக்கிறது. அதிலும் நீளத்துக்கான கணக்கு மண்ணில் தொடங்குவதில்லை, டிடெக்டரில் தொடங்குகிறது.

டிடெக்டரின் அடியிலுள்ள வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. பல கருவிகளில் அதன் அதிர்வெண் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. அது உண்டாக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிடக்கும் காசில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை தம் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்க, அதை இன்னொரு சுருள் உணர்ந்து காதில் ஒலியாகத் தருகிறது. போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்று புலம் இரண்டு தடவை பலம் இழக்கிறது. ஆழம் கொஞ்சம் கூடினாலே சமிக்ஞை மளமளவென்று சரிவது இதனால்தான்.

28 செ.மீ. விட்டமுள்ள சுருளை ஒற்றை வளையமாக வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுருளுக்குக் கீழே 10 செ.மீ. தூரத்தில் இருக்கும் காசின் சமிக்ஞையை 1 என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. தூரத்தில் அது எட்டில் ஒரு பங்காகிறது. 30 செ.மீ. தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. 40 செ.மீ. என்றால் இருநூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கு மேல் மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்களின் இரைச்சல் வேறு. அதனால் காசளவுப் பொருள்கள் பெரும்பாலும் 20, 25 செ.மீ. ஆழத்துக்குள்தான் அகப்படுகின்றன. மேல்மண்ணைப் பத்து செ.மீ. கனத்துக்குக் கட்டியாக எடுத்துவிட்டால், மிச்சத்தைத் தொடுவதற்கு 15 முதல் 18 செ.மீ. நீள அலகு தாராளம். அதைவிட நீளமான கத்தி ஆழத்தைக் கூட்டித் தராது, மணிக்கட்டுக்கு வலியைத்தான் கூட்டும்.

அப்புறம் புல்தரையை வெட்டும் விதம். நல்ல கைப்பழக்கம் உள்ளவர்கள் தோண்டுவதில்லை, அறுக்கிறார்கள். டிடெக்டரை நெடுக்காகவும் குறுக்காகவும் வீசி, ஒலி உச்சமாகும் புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி லாடம் போல மூன்று பக்கம் மட்டும் அலகைச் செங்குத்தாக இறக்குவார்கள். நான்காவது பக்கம் வெட்டாமல் விட்டது கீல் மாதிரி நிற்கும். எதிர்ப்பக்கத்தில் அலகை அடியில் கொடுத்து மெல்ல நெம்பினால், வேரோடும் மண்ணோடும் புல்கட்டி மூடி திறப்பதுபோல் மடங்கி எழும். காசை எடுத்தபின் குழியை நிரப்பி மூடியைப் போட்டு மிதித்துவிட்டால், ஒருபக்க வேர் அறாமல் இருப்பதால் புல் பிழைத்துக்கொள்ளும். கட்டி பத்து செ.மீ. கனமாவது இருக்க வேண்டும். மெல்லிசாகச் சீவி எடுத்தால் வெயில் நாளில் காய்ந்து பழுப்பு வட்டமாகத் தெரியும், அடுத்த முறை நிலக்காரர் உள்ளே விடமாட்டார். அலகின் ஒரு விளிம்பில் அரம்பப் பல் வைத்திருப்பது இந்த வேர்களுக்காகத்தான். இரு பக்கமும் பல் வேண்டியதில்லை. பல்லில்லாத கூர் விளிம்புதான் சுத்தமாக வெட்டும்.

இப்போது அந்தக் கழுத்து மடங்கும் விஷயம். 30 செ.மீ. நீளக் கருவி ஒன்றின் அலகு முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது, கைப்பிடியின் முனையை 20 கிலோ பாரம் வைத்ததுபோல் அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிடியும் அலகும் சேரும் இடத்திலிருந்து கை 12 செ.மீ. தள்ளி இருந்தால், அங்கே விழும் திருப்புத்திறன், அதாவது நெம்பும் வலு, சுமார் 24 நியூட்டன் மீட்டர். அலகு 5 செ.மீ. அகலமும் இரண்டரை மில்லிமீட்டர் கனமும் உள்ள தட்டைத் தகடு என்றால், அதன் மேற்பரப்பில் தகைவு (பரப்பளவுக்கு இவ்வளவு என்று உலோகம் தாங்கும் விசை) 460 மெகாபாஸ்கலைத் தொடும். சமையல் பாத்திரம் செய்யும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கடினப்படுத்தாத மென்மையான நிலையில், 200-ஐச் சற்றுத் தாண்டும்போதே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். மலிவுக் கரண்டி மடங்குவதில் ஆச்சரியமே இல்லை.

அதே தகட்டை, கனம் கூட்டாமல், நடுவில் ஒரு செ.மீ. குழிவாக வளைத்துப் பாருங்கள். காகிதத்தை நீளவாக்கில் லேசாக வளைத்துப் பிடித்தால் தொங்காமல் நிற்குமே, அதே தத்துவம்தான். விறைப்பு ஏறக்குறைய 18 மடங்கு கூடுகிறது. நிரந்தரமாக வளைவதைத் தாங்கும் திறன் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கூடுகிறது. 460 மெகாபாஸ்கல் 160-க்கு இறங்கிவிடும், மலிவு எஃகுகூட தப்பிக்கும். கடையில் நிற்கும்போது கனத்தைப் பார்ப்பதற்கு முன் குழிவைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அந்தக் குழிவு பிடி வரைக்கும் தொடர வேண்டும். பாதியில் தட்டையாகி, விரல் கனக் கம்பியாகச் சுருங்கி, ஒரு பற்றவைப்பில் பிடியோடு ஒட்டியிருந்தால் முறிவது அந்த இடத்தில்தான். அலகும் பிடியின் உட்கம்பியும் ஒரே எஃகுத் துண்டாக இருப்பது எப்போதுமே மேல்.

‘கெட்டி எஃகு வளையாது’ என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. எஃகின் யங் குணகம், அதாவது அதன் இயல்பான விறைப்பின் அளவு, ரகத்துக்கு ரகம் அவ்வளவாக மாறுவதில்லை, சுமார் 200 கிகாபாஸ்கல்தான். சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பதம் ஏற்றிய எஃகும், ஏற்றாத எஃகும், ஒரே விசைக்கு ஒரே அளவுதான் வளையும். பதம் ஏற்றியது விசையை விட்டதும் நேராகத் திரும்பிவிடும், மற்றது வளைந்தபடியே நிற்கும். ஆனால் பதத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் நொறுங்கும் குணம் வந்துவிடும். தெற்கு இங்கிலாந்தின் சுண்ண நிலங்களில் மண்ணோடு சிக்கிமுக்கிக் கற்கள் ஏராளம். அவற்றில் இடிபட்டால் நுனி தெறித்துவிடும். அதனால் கடினப்படுத்தியபின் மறுபடி மிதமாகச் சூடாக்கிக் கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியைச் சம்பாதிக்கிறார்கள்.

துருவைப் பற்றி இங்கே நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் இருப்பதால், மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகி இரும்பைக் காக்கிறது. கடற்கரையில் உப்புநீருக்கு அது அவசியம். ஆனால் அங்கே மணலை அரித்தெடுக்கும் துளைபோட்ட அள்ளுகருவிதான் ஏற்றது, கத்தி மாதிரியான அலகு அல்ல. வயல்வெளிக்குப் பதம் ஏற்றிய கார்பன் எஃகு போதும். வீடு திரும்பியதும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் சரி. உழுத நிலமென்றால் கைக்கருவியோடு மல்லுக்கட்டாமல், நின்றபடியே காலால் மிதித்து இறக்கும் குறுகிய மண்வெட்டி நல்லது.

நுனிக்கு வருவோம். கூர் நுனியில் பரப்பு குறைவு, அழுத்தம் அதிகம். காய்ந்த மண்ணில் சுலபமாக இறங்கும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் அடிக்கடி கிடைக்கும் முதலாம் எட்வர்டு காலத்து வெள்ளிப் பென்னி, 1279-இல் தொடங்கிய வரிசை, ஒன்றரை கிராம்கூட எடை இல்லாதது. கனம் அரை மில்லிமீட்டர்தான். எஃகு நுனி அதன்மேல் ஒருமுறை இழுபட்டால் அரசனின் முகத்தில் கோடு விழும், அதை எந்தச் சுத்திகரிப்பும் அழிக்காது. கூர் அலகு வாங்குபவர் ஒலிப்புள்ளியிலிருந்து நாலு விரற்கடை தள்ளியே அதை இறக்க வேண்டும். நடுவில் இருப்பதைக் கையாலும் பின்பாயிண்டர் என்ற கைக்கடக்கமான குட்டி டிடெக்டராலும் தேட வேண்டும். அந்த நேரத்தில் தோண்டுகருவியைக் குழிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அதுவும் உலோகம்தானே, பின்பாயிண்டர் அதற்கே குரல் கொடுக்கும். காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் சுழல் மின்னோட்டம் பாயும் என்பதால் அதற்கும் விலக்கில்லை.

எடுத்து ஓரமாக வைத்த கருவியைப் புல்லில் மறந்துவிட்டு வருவதும் நடக்கும். ஆரஞ்சு, சிவப்பு நிறப் பிடியும் உறையும் விற்பது அதற்காகத்தான். தொலைந்த கருவி ஒன்றைத் தேடப்போய்தான் பிரிட்டனில் கிடைத்த பிற்கால ரோமானியத் தங்க, வெள்ளிப் புதையல்களிலேயே மிகப் பெரியது கிடைத்தது. 1992 நவம்பர் 16 அன்று, சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸன் கிராமத்தில், விவசாயி நண்பரின் சுத்தியலைத் தேடி எரிக் லாஸ் டிடெக்டர் வீசினார். பலமான ஒலி. தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், காசுகள். கொஞ்சம் எடுத்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியல் குழு வந்து, மண்ணோடு பகுதி பகுதியாக எடுத்தது. மரப்பெட்டி எப்போதோ மக்கிப்போயிருந்தாலும், எந்தப் பொருள் எதன் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தது என்பதை அதனால் மீட்க முடிந்தது. சுமார் 15,000 காசுகளையும் ஆசை ஆசையாக அள்ளியிருந்தால் அந்த விவரம் நிரந்தரமாகப் போயிருக்கும். என்னைக் கேட்டால், ஒரு தோண்டுகருவி சரியாகப் பயன்பட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. தேடிப்போன சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது.

இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிய அனுமதியின்றி டிடெக்டரை இயக்குவதே குற்றம். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் என்ற வரையறைக்குள் வரும் பொருளை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் இதற்கு 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும். இன்னொன்று, இங்கிலாந்தில் தக்க காரணமின்றி அலகுள்ள கருவியோடு பொது இடத்தில் நடமாடுவது 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நிலத்தில் வேலை முடிந்ததும் இடுப்பிலிருந்து கழற்றி உறையோடு பைக்குள் போட்டுவிட்டு, அப்புறம் டீக்கடைக்குப் போங்கள்.