ஸ்டைலிங்: சொல்லும் அதற்கான தமிழும்

“பாய்கள் என் பொறுப்பு, ஸ்டைலிங் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி” என்றார், பத்தமடையில் பாய் நெய்து விற்கும் ஓர் அம்மா. அவருடைய பாய்களை நான் படமெடுத்துத் தருவதாகப் பேச்சு; பணம் கைமாறாத ஏற்பாடு அது. விற்பனைக்கு அவருக்குப் படங்கள் கிடைக்கும். என் தொகுப்பில் சேர்க்க எனக்கும் கிடைக்கும். சரி என்று சொல்லிவிட்ட பிறகுதான், அந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று யோசித்தேன்.

லத்தீனில் ‘ஸ்டிலுஸ்’ என்பது மெழுகுப் பலகையில் கீறி எழுதும் கூர்முனைக் கருவி. நம் எழுத்தாணியேதான். கருவியின் பெயர் எழுதும் விதத்துக்கு ஆகிவந்தது; கருவியாகுபெயர் என்று நம் இலக்கணம் இதற்குப் பெயரிட்டிருக்கிறது. பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போன சொல், எழுத்திலிருந்து உடை, முடி, வீடு என்று பரவியது. இன்று விற்பனைப் பொருளைப் படமெடுக்கும் இடத்தில் எதை விரிப்பது, அருகில் எதை வைப்பது, எதை விலக்குவது என்ற வேலை முழுவதும் ஸ்டைலிங்தான்.

எழுத்தில் ஸ்டைல் என்றால் நமக்கு ‘நடை’. படத்துக்கு அது ஒட்டாது. ‘ஒப்பனை’ முகத்தோடு நின்றுவிட்டது. ‘காட்சியமைப்பு’ நல்ல சொல், ஆனால் இடத்தைச் சொல்கிறதே தவிரப் பொருளைச் சொல்லவில்லை. ‘புனைவு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். நெடுநல்வாடையில் வரும் ‘புனையா ஓவியம்’ வண்ணம் தீட்டாத கோட்டோவியம். அங்கே புனைதல் என்பது அழகுசெய்தல். இன்றோ புனைவு என்றால் கற்பனை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் நம்பிப் பார்க்கும் படத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

என் தேர்வு ‘அணி’. நகையும் அணி, ஒழுங்காக நிறுத்திய வரிசையும் அணி. அழகும் அடுக்கும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. செய்யுளின் அழகுகளையும் அணி என்றே சொல்லும் இலக்கண நூலான தண்டியலங்காரம், 35 பொருளணிகளைச் சொல்லும்போது உவமைக்கும் உருவகத்துக்கும் முன்னால் தன்மையணியை வைக்கிறது: ஒன்றன் இயல்பை உள்ளபடி சொல்வதே முதல் அணி! ஆகவே ஸ்டைலிங் ‘அணிசெய்தல்’, ஸ்டைலிஸ்ட் ‘அணிசெய்பவர்’. பக்கத்தில் வைக்கும் ப்ராப் ‘துணைப்பொருள்’.

பத்தமடையில் முதல் நாள் நான் தன்மையணியை மறந்துபோனேன். பாயின்மேல் பட்டுத் தலையணை, பித்தளைச் செம்பு, மல்லிகைச் சரம் என்று நிரப்பிவிட்டேன். அந்த அம்மா கேமராத் திரையை உற்றுப் பார்த்தார். “விளிம்பு எங்கே தம்பி? வாங்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்” என்றார்.

எல்லாவற்றையும் எடுத்தோம். பாயைச் சன்னல் ஓரமாக இழுத்து, ஒரு மூலையை மட்டும் மடித்துவிட்டோம். பக்கவாட்டில் விழுந்த காலை வெயிலில், மயிரிழை போன்ற கோரைகளுக்கு ஊடே பருத்திப் பாவு நூல் ஓடுவது தனித்தனியாகத் தெரிந்தது. மடித்த இடத்தில் பாய் துணிபோல வளைந்து நின்றது. உள்ளே போன அந்த அம்மா, இன்னும் கீறாத கோரைத் தண்டு ஒரு பிடியைக் கொண்டுவந்து விளிம்புக்கு அருகில் வைத்தார். அந்தத் தண்டிலிருந்து இந்த இழை வந்தது என்பதைப் படம் பார்க்கிறவருக்குச் சொல்ல, வேறு துணைப்பொருள் எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.