தலைப்பிரசவமும் தண்ணீர்க் கணக்கும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தலைப்பிரசவத்துக்குக் கிளம்பும் மகளின் பையில் ஒரு குடுவைச் சீரகத் தண்ணீரை வைத்தனுப்பும் அம்மாக்கள் இன்றும் உண்டு. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சீரகத்தின் மகிமை எப்படியோ, கருப்பைக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

கருப்பை ஒரு தசைப்பை. ஒவ்வொரு வலியின்போதும் அது சுருங்கித் தன் இரத்தக்குழாய்களையே நெரித்துக்கொள்வதால், உள்ளே லாக்டிக் அமிலம் சேர்கிறது. அடுத்த வலிக்குள் பாய்ந்துவரும் இரத்தம்தான் அதைக் கழுவிச் செல்கிறது. வியர்வை, வேக மூச்சு, வாந்தி ஆகியவற்றால் நீர் குறையும்போது இந்த இரத்தவோட்டம் தளர்ந்து, அமிலம் தேங்கி, வலியின் வலுவும் குறையக்கூடும். தலைப்பிரசவத்தில் கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகும் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், அங்கே இந்தக் குறைபாடு பெரிதாகிறது.

ஆயினும் பல மருத்துவமனைகளில் நெடுங்காலம் வாய்வழியாக எதுவும் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. மயக்க மருந்தின்போது இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் புகும் ஆபத்தை 1946இல் அமெரிக்க மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் எடுத்துக்காட்டினார். இன்று பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டே அறுவைச் சிகிச்சை நடப்பதால் அந்த அச்சம் வெகுவாகத் தணிந்துவிட்டது. சிக்கல் இல்லாத தாய்மார் குடிக்கலாம் என்றே உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. வாய்வழி நீரைக் கட்டுப்படுத்திய தலைப்பிரசவங்களில், மணிக்கு 125 மி.லி.க்குப் பதில் 250 மி.லி. டிரிப் ஏற்றியபோது பிரசவம் சராசரியாக ஏறத்தாழ 1 மணி நேரம் குறைந்ததை ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. நீர் சேர்வதே முக்கியம், ஊசி அல்ல என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதற்காகக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசினுக்கும், சிறுநீரகத்தில் நீரைத் தேக்கும் வாசோபிரசினுக்கும் 9 அமினோ அமிலங்களில் 2 மட்டுமே வேறுபடுவதால், மிகுந்த அளவில் ஏற்றப்படும் ஆக்ஸிடோசினும் நீரைத் தேக்கிவைக்கும். அப்போது வெறும் தண்ணீரே மிகுந்தால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துத் தலைவலி, குமட்டல், அரிதாக வலிப்பு வரை செல்லும். குழந்தையின் சோடியமும் இறங்கும். நம் ஊர் விளையாட்டு பானமான 100 பிளஸில் உப்பு கொஞ்சம் இருந்தாலும், அது இரத்தத்திலுள்ள அளவைவிட மிகக் குறைவு. ஆகவே தாகத்துக்கேற்ப, இரு வலிகளுக்கு இடையில் உறிஞ்சுகுழலால் சில வாய் குடிப்பதே போதுமானது.

குடித்த நீர் வெளியேறவும் வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கலாம். எபிடூரல் எனும் வலி மரக்கச் செய்யும் முதுகு ஊசி போட்டவருக்குச் சிறுநீர் முட்டும் உணர்வே தெரியாமல் போகலாம் என்பதால், தாதியர் சிறு குழாய் வைத்து அதை வெளியேற்றுவார்கள்.